சுவிட்ச் மேல் டேப் ஒட்டாதீர்கள்

ஸ்மார்ட் பல்பு வாங்கிய வீடுகளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். ஹாலில் அழகான பல்பு. செல்போனில் தட்டினால் மஞ்சள், நீலம், வெள்ளை என்று நிறம் மாறும். அதே ஹாலின் சுவிட்ச் போர்டில், அந்தப் பல்புக்கான சுவிட்சின் மேல் செல்லோ டேப். சில வீடுகளில் கூடவே ஒரு துண்டுத் தாளும் ஒட்டியிருக்கும்: "அணைக்காதீர்கள்".

அந்த டேப்பைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. வீட்டு விளக்கு எல்லோருக்கும் பொதுவானது. விடிகாலையில் வாசல் தெளிக்க எழுந்திருக்கும் அம்மா, ஊரிலிருந்து வந்து நடுராத்திரியில் பாத்ரூமைத் தேடும் பெரியப்பா, எட்டி எட்டி சுவிட்சைத் தட்டும் குழந்தை, வேலைக்கு வரும் அக்கா. இவர்கள் யாருடைய போனிலும் அந்த ஆப் கிடையாது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கை பழகிய இடத்தில் சுவிட்ச் இருக்கிறது. தட்டினால் எரிய வேண்டும். வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல்பு செய்த கம்பெனி நடந்தாலும் இழுத்து மூடினாலும் எரிய வேண்டும். அது முதலில் உறுதியாகட்டும். அதற்கு மேல் எத்தனை வசதி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் சேர்ந்து நடக்க வழி இருக்கிறது. நம் ஊர் வயரிங், நம் ஊர் கரண்ட் கட், நம் ஊர் இன்வெர்ட்டர் இவற்றை வைத்தே சொல்கிறேன்.

சண்டை எங்கே தொடங்குகிறது?

சாதாரண எல்.இ.டி. பல்புக்கு ஒரே வேலைதான். கரண்ட் வந்தால் எரியும், நின்றால் அணையும். ஸ்மார்ட் பல்புக்குள் கூடுதலாக ஒரு குட்டி ரேடியோ இருக்கிறது. வைஃபையிலோ, ஜிக்பீ என்ற இன்னொரு ரேடியோ முறையிலோ வரும் கட்டளைக்காக அது எந்நேரமும் காத்திருக்க வேண்டும். காத்திருக்க அதற்கும் கரண்ட் வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்தால் ரேடியோவும் சேர்ந்து செத்துப்போகிறது. அதற்குப் பிறகு ஆப்பில் எவ்வளவு தட்டினாலும் பதில் வராது.

2012-ல் பிலிப்ஸ் ஹியூ வந்ததிலிருந்து இந்தச் சிக்கல் கூடவே வருகிறது. ஜிக்பீ பல்புகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவை ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றி விடுபவை. ஹால் பல்பு வழியாகத்தான் பின்கட்டில் இருக்கும் சென்சாரின் செய்தி வருகிறது என்றால், யாரோ ஹால் சுவிட்சை அணைத்ததும் பின்கட்டுச் சென்சாரின் தொடர்பு அறுந்துவிடும். அணைத்தவர் மேல் தவறே கிடையாது. சுவிட்ச் இருப்பது அணைக்கத்தானே?

சும்மா காத்திருப்பதற்கு ஆகும் செலவையும் பார்த்துவிடுவோம். ஒரு பல்பு காத்திருக்கும்போது அரை வாட் இழுக்கிறது என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொண்டால், 10 பல்புக்கு மாதம் 3.6 யூனிட். இரண்டு மாத பில்லில் 7 யூனிட் சொச்சம். பயப்படும் தொகை இல்லை. ஆனால் விளக்கு எரியாமலே ஆகும் செலவு என்பது நினைவில் இருக்கட்டும்.

மூன்று வழிகள்

முதல் வழி, பல்புக்கு எந்நேரமும் கரண்ட் கொடுத்துவிட்டு, சுவரில் பேட்டரியில் ஓடும் ஒரு பட்டனை ஒட்டுவது. உள்ளே பொத்தான் பேட்டரி இருக்கும். ஜிக்பீ வகையில் பல மாடல்களில் பட்டனையும் பல்பையும் நேரடியாக இணைத்துவிடலாம். பல்புகளுக்கும் ஆப்புக்கும் நடுவில் இருக்கும் ஹப் என்ற பெட்டி அணைந்திருந்தாலும் பட்டன் வேலை செய்யும். வாடகை வீட்டுக்கு இது நல்லது. வயரில் கை வைக்க வேண்டாம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பல்பு சாதாரண 9 வாட் பல்பாகவே இருக்கட்டும். அறிவைச் சுவிட்சுக்குப் பின்னால் வைப்போம். தீப்பெட்டி அளவில் ரிலே மாட்யூல்கள் கிடைக்கின்றன. ரிலே என்பது விளக்குக்குப் போகும் கரண்டைத் தானே இணைத்துத் துண்டிக்கும் பாகம். ஷெல்லி, சோனாஃப் போன்றவை நம் ஊரிலும் பலர் வாங்குபவை. போர்டைத் திறந்து, இருக்கும் சுவிட்சுக்குப் பின்னால் பொருத்திவிடலாம். சுவரில் அதே பழைய சுவிட்ச். தட்டினால் மாட்யூல் அதை உணர்ந்து விளக்கைப் போடும். போனிலிருந்தும் போடலாம், நேரம் குறித்தும் வைக்கலாம். வைஃபை போனாலும் சுவிட்ச் தன் வேலையைச் செய்யும், ஏனென்றால் சுவிட்சும் ரிலேயும் பேசிக்கொள்வது ஒரே போர்டுக்குள், வயர் வழியாக. பல்பு பியூஸ் போனால் தெருமுனைக் கடையில் புதிது வாங்கி மாட்டலாம். எதையும் மறுபடி இணைக்க வேண்டாம்.

இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் தேவை. இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். அமெரிக்காவின் பழைய வீடுகளில் பல சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரலே இருக்காது. நம் போர்டுகளில் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயின்ட் இருப்பது வழக்கம் என்பதால் நியூட்ரல் அங்கேயே வந்திருக்கும்.

மூன்றாவது வழி இரண்டையும் கலப்பது. நிறம் மாறும் பல்புதான் வேண்டும், சுவிட்சும் வேண்டும் என்பவர்களுக்கு. சில மாட்யூல்களில், சுவிட்சையும் ரிலேயையும் பிரித்து வைக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதை இயக்கினால் ரிலே எப்போதும் மூடியே இருக்கும், பல்புக்குக் கரண்ட் தொடர்ந்து போகும். சுவிட்சைத் தட்டும்போது கரண்ட் துண்டிக்கப்படாது. "தட்டினார்கள்" என்ற செய்தி மட்டும் போகும். அந்தச் செய்தியைக் கேட்டு பல்பு எரியும், அணையும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. செய்தியைக் கொண்டுபோகும் வைஃபையோ, வீட்டிலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியோ நின்றுவிட்டால் சுவிட்ச் வெறும் பிளாஸ்டிக். இந்த ஓட்டையை அடைக்காமல் மூன்றாவது வழிக்குப் போகக் கூடாது. ஈ.எஸ்.பி.ஹோம் மென்பொருள் ஓடும் மாட்யூலில் "இணைப்பு இருக்கிறதா?" என்று கேட்டுப் பார்க்கும் நிபந்தனை எழுத முடியும். இருந்தால் செய்தியை அனுப்பு, இல்லையென்றால் ரிலேயை நேரடியாகத் தட்டு. கூடவே பல்பின் அமைப்பில், கரண்ட் வந்ததும் எரியும்படி வைத்துவிட வேண்டும். அப்போது நெட்வொர்க் முழுவதும் படுத்தாலும் ஸ்மார்ட் பல்பு ஒரு சாதாரண பல்பாக மாறி எரியும். நிறம் மாறாது, வெளிச்சம் வரும். ராத்திரி பத்து மணிக்கு அது போதும்.

எந்த அறைக்கு எது?

சமையலறை, பாத்ரூம், மாடிப்படி, வாசல் இவற்றில் இரண்டாவது வழி தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தடுக்கி விழக்கூடிய, கையில் சூடான பாத்திரம் இருக்கக்கூடிய இடங்கள் இவை. ஹாலில் ஒரு விளக்காவது இரண்டாவது வழியில் இருக்க வேண்டும். மற்றது உங்கள் விருப்பம். கட்டில் ஓரம், டிவிக்குப் பின்னால், படிக்கும் மேசை இங்கெல்லாம் முழு ஸ்மார்ட் பல்பு தாராளமாக வைக்கலாம்.

ஒரே எச்சரிக்கை: பழைய டிம்மர் இருக்கும் பாயின்டில் ஸ்மார்ட் பல்பு மாட்டாதீர்கள். டிம்மர் வெட்டி அனுப்பும் கரண்டில் பல்பு மினுக்கும், சீக்கிரமே வீணாகவும் போகலாம். ஒளியைக் குறைக்கும் வேலையைப் பல்பே பார்த்துக்கொள்ளும்.

மாடிப்படி விளக்கு

எங்கள் வீட்டு வேலையில் நான் மிகவும் ரசித்துக் கவனித்தது மாடிப்படி. கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒரு டூ-வே சுவிட்ச், நடுவில் ஒரு பல்பு. கீழ் போர்டில் பேஸ் வருகிறது. அங்கிருந்து மேல் போர்டுக்கு இரண்டு வயர் ஓடுகிறது. மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து பல்புக்கு வயர் போகிறது.

எலெக்ட்ரீசியன் அண்ணன் மேல் போர்டைத் திறந்ததும் மாட்யூலைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, சுவிட்ச் முனைக்கு இதுல பேஸ் வரணுமா, வரக்கூடாதா?" என்று கேட்டார். அதுதான் சரியான முதல் கேள்வி. சில மாட்யூல்களில் சுவிட்ச் முனைக்குப் பேஸ் வந்தால்தான் அது உணரும். வேறு சிலவற்றில் அங்கே பேஸே வரக் கூடாது. இரண்டு முனையையும் சுவிட்ச் வெறுமனே ஒட்டிப் பிரிக்க வேண்டும், பேஸ் பட்டால் மாட்யூல் கருகிவிடும். கூடவே வரும் தாளில் படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ஒரு வயரையும் தொடக் கூடாது.

நம் மாடிப்படிக்குப் பேஸ் ஏற்கும் வகைதான் பொருத்தம். கீழ் போர்டில் ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. மேல் சுவிட்சின் நடு முனையில் பல்புக்குப் போன வயரைக் கழற்றிவிட்டு, அந்த முனையை மாட்யூலின் சுவிட்ச் முனைக்குக் கொடுத்தால் போதும். பல்பு வயர் மாட்யூலின் வெளி முனைக்கு. பிறகு மாட்யூலுக்கு என்று ஒரு நிரந்தர பேஸ், ஒரு நியூட்ரல்.

இதைச் செய்யும்முன் அண்ணன் கீழே போய் மாடிப்படி லைனின் எம்.சி.பி.யை அணைத்தார். மேலே வந்து போர்டிலிருந்த ஒவ்வொரு முனையிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எங்குமே எரியவில்லை. இரண்டு போர்டும் ஒரே லைன். "மூணு பேஸ் வீட்டுல கீழ ஒரு பேஸ், மாடிக்கு ஒரு பேஸ் குடுத்திருப்பாங்க தம்பி. தெரியாம ரெண்டையும் ஒரே மாட்யூல்ல சேர்த்தா நானூறு வோல்ட்டு" என்றார். 230 வோல்ட்டுக்குச் செய்த பொருளில் அது நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சுவிட்சின் எந்தத் தட்டலுக்கும் விளக்கு நிலை மாறும்படி மாட்யூலை அமைத்தோம். நம் ஊரில் கீழே தட்டினால் ஆன், மேலே தட்டினால் ஆஃப். இந்த விளக்கில் அந்தக் கணக்கு கிடையாது. போனில் அணைத்த விளக்கைப் போட, சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் மறுபக்கம் தட்ட வேண்டியதுதான். "மேல தட்டினாலும் எரியுதே" என்று அம்மா ஒருமுறை கேட்டார். "எப்படித் தட்டினாலும் மாறும்மா" என்றேன். டூ-வே சுவிட்சில் எப்போதுமே அப்படித்தான் என்பதால் அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மாட்யூலே செத்துப்போனால்?

கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ரிலேக்கும் ஆயுள் உண்டு. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் சட்டென்று அதிகக் கரண்டை இழுக்கும். நாளடைவில் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். மூடிய போர்டுக்குள் சூடும் சேரும். அதனால் மாட்யூலைத் தவிர்த்து விளக்கைக் கையால் இயக்கும் கைவழி ஒன்றைக் கட்டாயம் வைக்கச் சொல்கிறேன். அதற்கு ஆகும் பொருள் ஒரே ஒரு டூ-வே சுவிட்ச், போர்டில் காலியாக இருக்கும் ஓர் இடம்.

அந்தச் சுவிட்சின் நடு முனையைப் பல்புக்குக் கொடுங்கள். ஒரு பக்க முனைக்கு மாட்யூலின் வெளி வயர். மறுபக்க முனைக்கு, பழைய சுவிட்சிலிருந்து மாட்யூலின் சுவிட்ச் முனைக்குப் போகும் அதே வயரிலிருந்து ஒரு கிளை. ஒரு பக்கம் தட்டி வைத்தால் விளக்கு மாட்யூல் வழியாக எரியும். மறுபக்கம் தட்டினால் மாட்யூல் விலகிக்கொள்ளும், பழைய சுவிட்ச் பல்பை நேரடியாக இயக்கும். மாடிப்படியிலும் இதே இணைப்புதான். மறுபக்கம் தட்டியதும் கீழ், மேல் இரண்டு சுவிட்சும் வீடு கட்டிய நாளில் எப்படி வேலை செய்தனவோ அப்படியே வேலை செய்யும். பழைய வயரிங்கை நாம் அழிக்கவே இல்லை. அதன் மேல் ஒரு பாதையைக் கூடுதலாகப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்த முறை பேஸ் ஏற்கும் மாட்யூலுக்கு மட்டும். பேஸ் ஏற்காத வகையில் இப்படிக் கிளை எடுக்கவே கூடாது. இரண்டு பாதையும் ஒரே எம்.சி.பி.யின் கீழ் இருக்க வேண்டும். தெரிந்த எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டுச் செய்யுங்கள். அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் "ஆட்டோ", "நேரடி" என்று அழியாத மையில் எழுதி வையுங்கள்.

கரண்ட் போய் வரும்போது

நடுராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வருகிறது. வீட்டிலிருக்கும் ஸ்மார்ட் பல்பெல்லாம் ஒரே நேரத்தில் முழு வெளிச்சத்தில் எரிகின்றன. பல பல்புகளின் இயல்பான அமைப்பே இதுதான். கரண்ட் வந்ததும் எரிவதா, அணைந்தே இருப்பதா, கடைசியாக இருந்த நிலைக்குப் போவதா என்று தேர்வு செய்யும் வசதி நல்ல பல்புகளில் இருக்கும். பெட்டியில் இது பெரிதாக எழுதப்பட்டிருக்காது, ஆனால் வாங்கும்முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

எதைத் தேர்வு செய்வது? படுக்கையறைப் பல்புக்குக் கடைசி நிலை. மூன்றாவது வழியில் இருக்கும் பல்புக்கு, மேலே சொன்ன காரணத்தால், எரியும் நிலைதான். அணைந்த நிலையில் கரண்ட் போய் வந்த பல்பு, கடைசி நிலை என்ற அமைப்பால் இருட்டாகவே நின்றுவிட்டால், நெட்வொர்க் இல்லாத நேரத்தில் சுவிட்சை எத்தனை முறை தட்டினாலும் அதை எழுப்ப முடியாது. ரிலே மாட்யூலுக்குக் கடைசி நிலை சரி. அங்கே சுவிட்ச் எப்போதும் பேசும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. பல பல்புகளில் சுவிட்சைச் சில முறை அடுத்தடுத்துப் போட்டு அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்து புதிதாய் இணையக் காத்திருக்கும் நிலைக்குப் போகும். கரண்ட் வரும்போது வந்து, போய், வந்து, போய், பிறகு நிலைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பல்பு அதைப் பிரித்துப் பார்க்காது. விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டு நின்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். இந்த ஏற்பாட்டை அணைத்து வைக்கும் வசதி ஆப்பில் இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். விளக்கு லைனை இன்வெர்ட்டரில் வைத்தாலும் தொல்லை பெரிதும் குறையும்.

விளக்கு இன்வெர்ட்டரில் இருந்தால் மோடமும் ரவுட்டரும் அங்கேயே இருக்க வேண்டும். அல்லது ரவுட்டருக்கென்று விற்கும் 12 வோல்ட் குட்டி யூ.பி.எஸ். ஒன்று வையுங்கள். இன்வெர்ட்டரை யூ.பி.எஸ். நிலையில் வைத்தால் மாறும் இடைவெளி குறையும், ரவுட்டர் அணைந்து எழும் தொல்லை இருக்காது.

இங்கே நியூட்ரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்யூலுக்குப் பேஸ் எந்த லைனிலிருந்து எடுத்தீர்களோ, நியூட்ரலும் அதே லைனிலிருந்து வர வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் பேஸையும், பக்கத்துப் பிளக் பாயின்டின் மெயின் நியூட்ரலையும் சேர்த்தால், தனித்தனி ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் அது விழுந்துகொண்டே இருக்கும். போன கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அந்தக் கருவியின் வேலை. திரும்பி வர வேண்டியது வேறு வழியில் போனால் மின்கசிவு என்று நினைத்து வெட்டிவிடும். காரணம் தெரியாமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடும் வீடுகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உயிர் காக்கும் பொருள் அது.

கம்பெனியை நம்பி விளக்கா?

2022 ஏப்ரலில் அமெரிக்காவில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. ஆப்பும் நேர அமைப்புகளும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. ஆனால் சுவர் சுவிட்சுகள் விளக்குகளை எரியவைத்துக்கொண்டுதான் இருந்தன. சுவிட்சும் விளக்கும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி அந்தப் பொருள்களைச் செய்திருந்தார்கள். அந்த ஆண்டு ஜூனில் வாடிக்கையாளர்களில் சிலரே சேர்ந்து அந்தத் தொழிலை வாங்கி சர்வர்களை மறுபடி ஓடவிட்டார்கள். இடைப்பட்ட நாள்களில் அந்த வீடுகளில் இருட்டு இல்லாமல் பார்த்துக்கொண்டது சுவரில் இருந்த சுவிட்சுதான்.

அதனால் வெளியூர் சர்வரைத் தொடாமல் வீட்டுக்குள்ளேயே இயங்கும் பொருளைத் தேடி வாங்குங்கள். 2022 அக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலை வீட்டுக்குள் நேரடியாகப் பேசும் வகையில் எழுதப்பட்டது. பெட்டியில் அதன் முத்திரை இருந்தால் நல்லது. கொஞ்சம் நேரம் செலவழிக்கத் தயார் என்றால் ஹோம் அசிஸ்டென்ட் இருக்கிறது. 2013-ல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய இலவச மென்பொருள், ஒரு சின்னக் கணினியில் உங்கள் வீட்டிலேயே ஓடும்.

பணம் கொடுக்கும்முன்

எலெக்ட்ரீசியன் கிளம்பும்முன் அவரை வைத்துக்கொண்டே நான்கு சோதனைகளைச் செய்துவிடுங்கள். ரவுட்டரை அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பாருங்கள். மெயினை அணைத்து இன்வெர்ட்டரில் ஓடவிட்டு மறுபடி தட்டுங்கள். மெயினைத் திரும்பப் போட்டு எந்தெந்த விளக்கு தானாக எரிகிறது என்று கவனியுங்கள். கடைசியாக, கைவழிச் சுவிட்சை "நேரடி" பக்கம் தள்ளிப் பழைய சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

நான்கிலும் தேறிய வீட்டில் எந்தச் சுவிட்சின் மேலும் டேப் தேவைப்படாது. புதிதாய் வரும் விருந்தாளிக்கு ஒன்றும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது. திறந்த போர்டை மூடும்முன் உள்ளே ஒரு போட்டோ எடுத்து, எந்த வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நாளைக்கு நீங்கள் வெளியூரில் இருக்கும்போது ஒரு விளக்கு எரியவில்லை என்றால், வீட்டிலிருப்பவர்கள் உங்களைக் கூப்பிடாமலே ஓர் எலெக்ட்ரீசியனை வரவழைத்துச் சரிசெய்துகொள்ள முடிய வேண்டும். என்னைக் கேட்டால் வீடு ஸ்மார்ட்டாக இருப்பதற்கு அதுதான் அடையாளம்.